ஆறாம் நம்பர் திரையின் மஞ்சள் கறை

விரல் என்றால் என்னவென்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஃபிஜியில் இருந்த வருஷங்களில் இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. தொட்டதும் பதில் வருகிறதே, அப்படியானால் கண்ணாடிக்கு உணர்ச்சி இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கண்ணாடிக்கு ஒரு மண்ணும் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் சட்டத்தில்தான் விஷயம். சட்டத்தின் ஒரு பக்கத்தில் பொடிப்பொடி விளக்குகள் வரிசையாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். மேலும் கீழும் அதே ஏற்பாடு. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கண்ணாடிக்கு ஒரு நெல்மணி அளவு முன்னால், கயிற்றுக் கட்டில் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே அந்த ஒளி அறுபடுகிறதோ அங்கே விரல் இருக்கிறது என்று இயந்திரம் கணக்குப் போட்டுக்கொள்ளும். அறுத்தது விரலா, பேனாவா, பல்லியின் வாலா என்று அது கேட்பதில்லை.

இந்தச் சட்டங்களைப் பொருத்துவதும் துடைப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. சுவாவில் ஒரு சின்ன நிறுவனம். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் தொடுதிரைகளைக் கொண்டுபோய் வைப்போம், வேலை முடிந்ததும் எடுத்துவருவோம். நான் திருச்சியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன்.

ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பைக் 'கூ' என்றுதான் சொல்வார்கள். கல்யாணம், சாவு, வீடு கட்டியது, எதைச் சொன்னாலும் கூவுக்கு முன்னா பின்னா என்று ஒரு கோடு விழும். எந்தக் கூ என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் வந்து சேர்ந்தபோது பழைய கூக்கள் நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. "அதெல்லாம் முடிஞ்ச கதை" என்றார்கள். நானும் நம்பி என் மனைவியை வரவழைத்துக்கொண்டேன். நாலாவது வருஷம் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து உள்ளே இருந்தவர்களைப் பிடித்து வைத்தார்கள். அன்று மத்தியானமே சுவாவில் கடைகள் எரிந்தன. மினிபஸ் ஒன்றும் ஓடவில்லை. ஸ்க்ரூடிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நசினுவில் இருந்த வாடகை வீடுவரை நடந்தே போனேன். கதவைத் திறந்த என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரே பேச்சுதான். "பேப்பர் போட்டாச்சா?" போட்டாச்சு என்றால் நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பம் போட்டாயிற்று என்று அர்த்தம். ஆசிரியர்கள், கணக்காளர்கள், தையற்காரர்கள் என்று எல்லோரும் போட்டார்கள். நர்ஸுகளை மட்டும் அந்த நாடுகளே தேடிக்கொண்டு வந்தன.

அப்படி வந்த ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனம் எங்களிடம் பன்னிரண்டு தொடுதிரைகளை மூன்று நாளைக்குக் கேட்டது. நியூசிலாந்தில் முதியோர் இல்லங்களுக்கு நர்ஸுகள் வேண்டும். தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு அங்கேயே கடிதம் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் மௌஸ் பிடிக்கத் தெரியாதவர்கள் அதிகம், விரல் எல்லோருக்கும் இருக்கிறது, ஆகையால் தொடுதிரை. சுவாவில் ஒரு கட்டடத்தின் மாடியை எடுத்திருந்தார்கள். கீழே இருந்த கடை கலகத்தில் சூறையாடப்பட்டு, இப்போது பலகை அடித்து மூடிக் கிடந்தது. சூறையாடியவர்கள் மாடியையும் விடவில்லை. ஜன்னலில் தொங்கிய திரைச்சீலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

திரைச்சீலை இல்லாதது எனக்குத்தான் தலைவலி. அந்தச் சட்டத்துக்கு ஒரே பகைவன் சூரியன். வெயிலிலும் அதே கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கிறது. அது நேராக அடித்தால் சட்டத்தின் கண்கள் கூசிப்போய், விரல் வந்தாலும் தெரியாது, வராவிட்டாலும் வந்தது என்று சாதிக்கும். சுவாவில் வெயிலைக் காண்பதே அபூர்வம், மூன்று நாளும் மழைதான் பெய்யப்போகிறது என்று தைரியமாக இருந்தேன். வராத விருந்தாளி பெட்டி படுக்கையோடு வந்த மாதிரி, திரைகளைப் பொருத்திய முந்தின நாளிலிருந்தே வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பன்னிரண்டில் பதினொன்றுக்குப் பாதிப்பில்லை. ஜன்னலை ஒட்டியிருந்த ஆறாம் நம்பர் திரையில் மட்டும் காலை பத்து மணி வெயில் நேராக விழுந்தது. மேஜையை நகர்த்த இடமில்லை. ஜன்னலுக்குப் பலகை அடிக்கலாம் என்றால் ஊர் முழுக்கக் கடைக்காரர்கள் வாங்கி அடித்துத் தீர்த்துவிட்டதால் பிளைவுட் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தேன். காகிதம் நம் கண்ணைத்தான் மறைத்தது, அந்த ஒளி அதை ஊடுருவி வந்துவிட்டது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. திரையைப் பின்பக்கம் நன்றாகச் சாய்த்து, ஏறக்குறைய மேஜையில் படுக்க வைத்தேன். வெயில் சட்டத்தின் மேலாகப் போய்விட்டது. சோதித்தேன். அருமையாக வேலை செய்தது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

தேர்வு எழுத வருகிறவர்கள் வளையல், கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இது நான் போட்ட விதி. தொங்குகிற வளையல் விரலுக்கு முன்னால் ஒளியை அறுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்து, முதல் நாள் காலையில் வாசலில் நானே நின்றேன்.

ஒரு நர்ஸ் படியேறி வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய வெறுங்கால். மஞ்சள் சுடிதார், கையில் ஒரு குடை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். வரிசையில் நின்ற பெண்களில் அவரோடு சேர்த்து மூன்று பேர் அப்படி மஞ்சளில் வந்திருந்தார்கள், மூவர் இடது மணிக்கட்டிலும் மஞ்சள் நூலில் கோத்த மஞ்சள் கிழங்கு. காப்பு கட்டியிருந்தார்கள். நசினுப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. காப்பு கட்டியவர்கள் பத்து நாளும் கோயிலிலேயே படுத்து, கோயிலிலேயே சாப்பிடுவார்கள். பூசாரியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு தேர்வுக்கு வந்திருந்தார்கள்.

கடல் தாண்டி எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேத்திகள். வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி. தமிழ் கோயிலில் மட்டும்தான். அவர் கையில் காப்பைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றும் மறைப்பதற்கில்லை, நான் ஊருக்குப் போய் அப்போது நாலு வருஷம்.

"தீ மிதிக்கறீங்களா?" என்று தமிழில் கேட்டேன்.

அவர் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார். "ஆமாண்ணே. கூ அன்னிக்கி எங்க வீட்டுக்காரரு டவுன்ல மாட்டிக்கினாரு. ரெண்டு நாளு ஒரு சேதியும் இல்ல. அவரு முழுசா வந்தா தீ மிதிக்கறேன்னு அம்மாகிட்ட கேட்டுகினேன்." கொஞ்சம் நிறுத்தி, "எந் தமிழு தப்பா இருக்குதா?" என்றார்.

"என் தமிழைவிட நல்லா இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வளையல்களைக் கழற்றி டப்பாவில் போட்டார், குடையை மூலையில் சாத்தினார், ஆறாம் நம்பரில் போய் உட்கார்ந்தார். காப்பைக் கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. காப்பு ஒரு நகையா என்ன? உள்ளூர்க்காரன் ஒருவன் அந்த வாசலில் நின்றிருந்தால், அல்லது ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தால், "இது என்ன தொங்குகிறது?" என்று கேட்டிருப்பார். தமிழன் நின்றேன், கேட்கவில்லை.

ஒரு மணி நேரத் தேர்வு. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. தொட்டால் தொட்டதுதான், உடனே அடுத்த கேள்வி வந்துவிடும். திரும்பிப் போக முடியாது. முடிந்ததும் முடிவு அச்சாகி வரும். காப்பு கட்டிய மற்ற இரண்டு பேரும் தேறி, கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இவர் தோற்றுவிட்டார். கொஞ்சநஞ்சம் இல்லை, படுதோல்வி.

தேர்வை நடத்த நியூசிலாந்திலிருந்து வந்திருந்த அம்மையாரின் மேஜைக்கு முன்னால் அவர் நின்றார். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் வார்த்தை தடுமாறி, என் பக்கம் திரும்பினார்.

"பதினஞ்சு வருஷமா ஆஸ்பத்திரில செய்யற வேலை அண்ணே இது. நான் சரியாத்தான் தொட்டேன். அது வேற எடுத்துகிச்சி. மேல தொட்டா கீழ போவுது. ஒரு வாட்டி இல்ல, அரே, எத்தினியோ வாட்டி."

"அப்பவே கூப்பிடக் கூடாதா?"

"கையத் தூக்குனேன். 'டைம் ஓடுது, பேசாத'ன்னாங்க."

அம்மையார் கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருந்தார், அவ்வளவுதான். தோற்றவர்கள் எல்லோரும் இயந்திரத்தைத்தான் குறை சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் ஒரு முறை சோதித்துவிடுங்கள் என்று என்னை அனுப்பினார். நான் ஆறாம் நம்பரில் உட்கார்ந்து மேலே, கீழே, நடுவே, நாலு மூலையிலும் தொட்டேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. எனக்குள் ஒரு சின்ன எரிச்சல். நான் பொருத்திய சட்டத்தையா குறை சொல்கிறார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாயால் சொல்லவில்லை, மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். 'இயந்திரத்தில் பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். சண்டை போடவில்லை. "தீக் ஹை" என்று சொல்லிவிட்டு வளையல் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சரி, இருக்கட்டும் என்று அர்த்தம். குடையை மறந்துவிட்டார்.

சாயங்காலம் திரைகளைத் துடைத்தேன். ஆறாம் நம்பரின் கீழ்ப்பகுதியில் ஒரு மஞ்சள் கறை, கோடுகோடாக. சாப்பிட்ட கையை ஒழுங்காகக் கழுவாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், குழம்புக்கையோடு பரீட்சை எழுதுகிற ஜனங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தித் துடைத்தேன். கறை போனதில் எனக்குத் திருப்தி. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "பதினஞ்சு வருஷமா நர்ஸா இருக்கறவங்களுக்கு மயக்கம் போட்டு விழுந்தா என்ன செய்யணும்னு தெரியாமலா இருக்கும்?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ரசத்தில் உப்பு அதிகம் என்றேன்.

மூன்றாம் நாள், கடைசி நாள். காலை எட்டரைக்கே அவர் படியேறி வந்தார். அதே மஞ்சள், அதே வெறுங்கால். கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"கொடையை உட்டுட்டுப் போய்ட்டேன்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். நன்றாக அழுதிருக்கிறார் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. மனைவி கேட்ட கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் இன்னும் வரவில்லை, அம்மையார் உள்ளறையில் காகிதங்களோடு இருந்தார். "ஒரு நிமிஷம்" என்றேன். "அன்னைக்கு எப்படித் தொட்டீங்க? எனக்குச் செய்து காட்டுங்க."

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் இயந்திரத்தை என் கையால் சோதித்தேனே தவிர, அவர் கையால் சோதிக்கவே இல்லை.

அவர் குடையை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மாதிரிக் கேள்வி ஒன்றைக் கொண்டுவந்தேன். முதல் பதிலைத் தொடச் சொன்னேன். அவர் இடது கையை உயர்த்தினார்.

இடது கை. மேஜையில் படுத்திருந்த திரைக்கு மேலாக அந்தக் கை நீண்டது. மணிக்கட்டிலிருந்து காப்பு தொங்கியது. விரல் கண்ணாடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் மஞ்சள் கிழங்கு கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மெல்ல உட்கார்ந்தது. டிக் என்று நாலாவது பதில் கறுத்தது. அப்புறம்தான் விரல் வந்து சேர்ந்தது, அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு சின்ன மஞ்சள் கோடு.

மற்ற இரண்டு பெண்களும் காப்பு கட்டிய இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் தொட்டவர்கள். அவர்கள் உட்கார்ந்த திரைகளும் நிமிர்ந்து நின்றவை. இடக்கைக்காரர் ஒருவர், காப்போடு, நான் படுக்க வைத்த அந்த ஒரே திரையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கூடம் கோணல்தான். கோணலாக்கியவன் நான்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? மஞ்சளைக் காட்டி, கோட்டைக் காட்டி, விளக்கினேன். அவர் காப்பை மூடிப் பிடித்துக்கொண்டார். "அம்மாவா என்னைத் தடுத்தா?" என்று மிகச் சின்னக் குரலில் கேட்டார்.

"அம்மா இல்லை. நான்."

கோயிலில் நடந்ததை அவர் அப்போதுதான் சொன்னார். காப்பு கட்டிவிட்ட பூசாரி, தோற்றதைக் கேட்டதும், விரதத்தில் ஏதோ குறை இருக்கும் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு ராத்திரியாக என்ன குறை செய்தோம் என்று தேடிக்கொண்டு கிடந்திருக்கிறார். தேர்வில் தோற்றது ஒரு பங்கு என்றால் இது பத்துப் பங்கு.

உள்ளறைக்குப் போய் அம்மையாரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்கள்தானே பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டீர்கள்? இப்போது பழுது என்றால், இரண்டு நாளாகத் தேறியவர்கள் எல்லோருடைய முடிவையும் நான் ரத்து செய்ய வேண்டி வரும். அது தெரிகிறதா?"

தெரிந்தது. கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போன முகங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒருத்திக்கு நியாயம் செய்யப்போய் ஊரையே கவிழ்த்துவிடக் கூடாது. முதல் நாள் அந்த நர்ஸ் கொடுத்த பதில்களை இயந்திரத்திலிருந்து எடுத்தேன். தவறானவை எல்லாமே நாலாவது பதில், ஒன்றுகூட மாறவில்லை. ஆறாம் நம்பரில் உட்கார்ந்த மற்றவர்களின் பதில்களையும் எடுத்தேன். அவை கலந்து கட்டி இருந்தன. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, புதிதாக ஒரு காகிதத்தில் எழுதினேன்: இயந்திரங்களில் பழுதில்லை. ஆறாம் எண் திரையைத் தவறாகச் சாய்த்துப் பொருத்தியவன் நான். தொங்கும் பொருளைச் சோதிக்காமல் உள்ளே விட்டவனும் நான். இவர் ஒருவரைத் தவிர மற்ற யாருக்கும் பாதிப்பில்லை. கையெழுத்துப் போடும்போது ஒப்பந்தம், வேலை, திருச்சிக்குத் திரும்புகிற விமானம் எல்லாம் நினைவுக்கு வந்ததை மறுக்கமாட்டேன். போட்டுவிட்டேன்.

அம்மையார் இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து அவரிடம், "இன்றைக்கு முதல் வரிசையிலேயே எழுதுங்கள். அந்த நூலை மட்டும் கழற்றிவிடுங்கள்" என்றார்.

"மாட்டேன்" என்றார் அவர். ஒரே சொல், ஆங்கிலத்தில், தடுமாறாமல்.

அம்மையார் என்னைப் பார்த்தார். பத்து நாள் முடிந்து தீ மிதிக்கிறவரை அதைக் கழற்றக் கூடாது என்று விளக்கினேன். சரி, மேலே பிளாஸ்டர் போட்டு ஒட்டட்டுமே என்றார். காப்பின் மேல் எதையும் கட்டக்கூடாது என்பது அந்தக் கோயில் கட்டுப்பாடு. வலக்கையால் தொடட்டுமே? அவர் முயன்று பார்த்தார். மாதிரிக் கேள்வி வந்ததும் இடக்கை தானாக எழுந்துவிட்டது. "ஸ்கூல்ல இந்தக் கையை எத்தினி அடி அடிச்சாங்க தெரியுமாண்ணே. அப்பவும் இதுதான் முன்னால வரும். ஊசி போடறதும் இந்தக் கைதான். மொதல்ல பேஷண்டுங்க பயப்படுவாங்க, அப்புறம் இடக்கை சிஸ்டரைக் கூப்பிடுன்னு கேப்பாங்க. ஒரே குத்துல நரம்பைப் புடிச்சிடுவேன்" என்றார். சொல்லும்போது முதன்முறையாக அவர் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது.

அதற்குள் மற்ற பதினொரு திரைகளிலும் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. மிச்சம் இருந்தது ஆறாம் நம்பர்தான். நான் அதை நேராக நிமிர்த்தினேன். நிமிர்ந்த திரையில் கையை நீட்டினால் காப்பு கண்ணாடியைத் தொடாமல் இப்பால் தொங்கும், அதில் கவலை இல்லை. ஆனால் வெயில்? மணி பத்து நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தின் மேல்விளிம்பில் ஏற்கெனவே ஒரு வெளிச்சத் துண்டு ஏறியிருந்தது.

மேஜையில் அவர் குடை கிடந்தது. சாதாரணக் கறுப்புக் குடை, உட்பக்கம் வெள்ளிப்பூச்சு. அதை எடுத்து விரித்தேன். ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவில் போய், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, குடையைத் தோளுக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் குடை விரிக்கக் கூடாது என்று யாரோ பின்வரிசையில் இந்தியில் முணுமுணுத்தார்கள். அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஆரம்பியுங்கள்" என்றார்.

ஒரு மணி நேரம். வெயில் நகர நகர நானும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். முதுகு வெந்தது. கை மரத்தது. திரையைப் பார்க்கக் கூடாது என்பதால் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடக்கை எழும், விரல் நீளும், மஞ்சள் கிழங்கு காற்றில் ஆடும், கண்ணாடியைத் தொடாது. ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்து விட்டேன். என் வாழ்க்கையில் எந்தச் சாமி முன்னாலும் அத்தனை கவனமாக நான் நின்றதில்லை.

முடிவு அச்சாகி வந்தது. அம்மையார் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று வாழ்த்தினார். அந்த மூன்று நாளில் அதைவிட அதிக மதிப்பெண் யாரும் வாங்கவில்லை. அவர் கடிதத்தை வாங்கினார், காப்பில் ஒற்றினார், என்னிடம் வந்தார். குடையை மடக்கிக் கொடுத்தேன். காப்பு கட்டியவர்கள் பிறரைத் தொடமாட்டார்கள், அதனால் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மாகிட்ட போயி சொல்றேன், குறை ஒண்ணும் இல்லேன்னு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கோயிலுக்குப் போனோம். மேளம், மஞ்சள் வேட்டி சேலைகள், தெருவரை கூட்டம். அவர் தலையில் கரகத்தோடு வந்து, நெருப்பின் மேல் அவசரமில்லாமல் நடந்து போனார். அந்தப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வருஷம் முடிவதற்குள் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார்கள். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி கொஞ்சம் கத்தினார், அத்துடன் சரி.

இரண்டு வருஷம் கழித்து டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். நீளமான வார்டு, கட்டிலெல்லாம் ஆட்கள், அத்தனை பேருக்கும் இரண்டே நர்ஸுகள். இளம் ஃபிஜியப் பெண் ஒருத்தி டிரிப் ஏற்ற வந்தாள். சின்ன வயசு, ஓடி ஓடிக் களைத்த முகம். காய்ச்சலில் என் நரம்புகள் எங்கோ ஒளிந்துகொண்டிருந்தன. ஒரு குத்து, இரண்டு குத்து, மூன்று குத்து. ஒவ்வொன்றுக்கும் அவள் மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"எங்க வார்டுல முன்னால ஒரு சிஸ்டர் இருந்தாங்க" என்றாள் அவள், ஃபிஜி இந்தியில், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே. "லெஃப்ட் ஹேண்ட். உங்களை மாதிரி மதராஸி. ஒரே குத்துதான். எனக்குச் சொல்லித்தரேன்னாங்க, அதுக்குள்ள போய்ட்டாங்க."

தெரியும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அந்த ஜன்னலில் இன்னொரு முறை குடை பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அந்த வார்டைச் சுற்றிப் பார்த்தேன். எதிர்க் கட்டிலில் ஒரு கிழவர் தண்ணீருக்காக வெகுநேரமாகக் கையை உயர்த்தியபடியே இருந்தார். அவருக்கு யாரும் வரவில்லை.

எனக்கு என்ன வேலை என்று அவள் கேட்டாள். சொன்னேன். சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. "அந்தத் தொடுற மெஷினா? அடுத்த மாசம் மறுபடி வராங்களாம். நானும் பேர் கொடுத்திருக்கேன். ரொம்பக் கஷ்டமா?"

"கஷ்டமில்லை" என்றேன். "ஜன்னல் பக்கத்து மெஷின்ல மட்டும் உட்காராதீங்க."

அவள் சிரித்தாள். ஊசியை மாற்றிக்கொண்டு, இன்னொரு கையைக் கேட்டாள். நீட்டினேன்.